ரத்தான ஆர்டரின் செலவு யார் கணக்கில்?

2020 மார்ச் கடைசியில் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் யாரும் பணம் கேட்கவில்லை. நாடு முழுக்கச் சுங்க வசூலை மத்திய அரசு ஏப்ரல் 20 வரை நிறுத்தி வைத்திருந்தது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போவோர் வருடக்கணக்கில் கேட்டும் கிடைக்காத சலுகை அது. கிடைத்தபோது அனுபவிக்கத்தான் வண்டிகள் இல்லை.

அந்தச் சாலையில் வழக்கமாக ஓடும் லாரிகளைப் பார்த்தாலே வேலூர் வட்டாரத்தின் பிழைப்பு புரிந்துவிடும். உப்பிட்ட ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் வருகின்றன. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய ரசாயனமும் சோலும் ஜிப்பும் கொக்கியும் மேற்கே போகின்றன. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தைத்து முடித்த ஷூக்கள் கன்டெய்னரில் ஏறிக் கிழக்கே திரும்புகின்றன. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு என்று பாலாற்றுப் படுகையை ஒட்டி நீளும் இந்த ஊர்கள் 2019 நவம்பரில் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்தன. தொழிலுக்கு அந்த எல்லைகள் தெரியாது. இந்தியாவின் தோல் பொருள் ஏற்றுமதியில் தமிழகத்தின் பங்கு ஏறத்தாழ 40 விழுக்காடு. அதில் பெரும்பகுதி இந்தச் சாலையில்தான் போகிறது.

கொரோனா உலக வர்த்தகச் சங்கிலியை அறுத்துவிட்டது என்று அப்போது எல்லோரும் எழுதினார்கள். வேலூர் வட்டாரத்தில் நின்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. சங்கிலி அறுந்த இடங்களை ஒன்றிரண்டு வருடத்தில் ஒட்டிவிட்டார்கள். ஆனால் அது அறுந்தபோது விழுந்த நஷ்டம், லண்டன் கடையிலிருந்து ஷூ கம்பெனிக்கும், கம்பெனியிலிருந்து தோல் பதனிடும் ஷாப்புக்கும், அங்கிருந்து வீட்டுத் திண்ணையில் ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கும் பெண்ணுக்கும் கைமாறிக்கொண்டே வந்தது. யாரிடம் எழுத்தில் எதுவும் இல்லையோ அவரிடம் போய் நின்றது. அந்த ஏற்பாடு இன்றுவரை அப்படியே இருக்கிறது.

முதல் அடி ஊரடங்குக்கு வெகு முன்பே விழுந்தது. 2020 ஜனவரி 23-இல் சீனா வூஹான் நகரை மூடியது. சீனப் புத்தாண்டு விடுமுறைக்குப் போன தொழிலாளர்கள் பல மாகாணங்களில் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. ஆம்பூர் ஷூ உள்ளூர்ச் சரக்கு என்றுதான் நாம் நினைக்கிறோம். தோல் உள்ளூரில் பதனிட்டது, தைப்பதும் உள்ளூர்க் கைதான். ஆனால் அதிலிருக்கும் கொக்கி, கயிறு கோர்க்கும் வளையம், ஜிப், உள்துணி, சில வகை சோல் ஆகியவற்றில் கணிசமானவை சீனாவிலிருந்து வந்தவை. சில ரூபாய் பெறுமானமுள்ள கொக்கி வராததால் ஆயிரக்கணக்கில் விற்கும் ஷூ மேசையிலேயே கிடக்கும். எந்த நிறத்தில், எந்த அளவில், யாரிடம் வாங்கிய கொக்கி என்பதைப் பெரும்பாலும் வெளிநாட்டு வாடிக்கையாளர்தான் முடிவு செய்கிறார். அதற்குப் பதில் வேறொன்றைப் போட ஷூ கம்பெனிக்கு அதிகாரமில்லை.

இரண்டாவது அடி இத்தாலியிலிருந்து வந்தது. தோலும் ஃபேஷனும் சந்திக்கும் நாடு அது. ஆர்சிஞ்ஞானோ போன்ற அதன் தோல் நகரங்கள் ஆம்பூருக்குப் போட்டியும் கூட்டும். மார்ச் 9-இல் அந்த நாடு முழு ஊரடங்கை அறிவித்தது. அடுத்த இரண்டு வாரங்களில் ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா என்று ஷூ வாங்கும் ஊர்களில் எல்லாம் கடைகளின் கதவுகள் இறங்கின. மார்ச் 24 இரவு நம் பக்கமும் பூட்டு விழுந்தது. முதலில் பொருள் வரவில்லை, பிறகு வாங்க ஆளில்லை, கடைசியில் வேலை செய்யவும் வழியில்லை. மூன்றும் இரண்டு மாதத்துக்குள் நடந்து முடிந்தன.

பூட்டச் சொன்னால் உடனே பூட்டிவிடக்கூடிய தொழில் இல்லை இது. உப்பிட்டு வந்த பச்சைத் தோலை நீரில் ஊறவைத்து, சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த தொட்டியிலோ டிரம்மிலோ போட்டு மயிர் நீக்குவார்கள். அந்தக் கட்டத்துக்கு நேரக் கணக்கு உண்டு; அதைத் தாண்டினால் தோலின் மேற்பரப்பு கெட்டுவிடும். குரோமியம் ஏற்றி நீலம் பாரித்த ‘வெட் புளூ’ நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் மாதக்கணக்கில் தாங்கும். அதுவும் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொண்டால்தான். ஊரடங்கு இரவில் எந்தத் தோல் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தது அந்த முதலாளியின் நஷ்டம்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் இதே சிக்கல்தான். பாலாற்றைத் தோல் கழிவு நாசமாக்கிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அதன் பிறகு, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனைக்குப் பொது நிலையங்கள் படிப்படியாக வந்து சேர்ந்தன. அந்த நிலையங்களில் அழுக்கைத் தின்பவை நுண்ணுயிர்கள். கழிவுநீர் வராவிட்டால் அவற்றுக்குத் தீனி இல்லை. டிரம் சுழலாத மாதத்திலும் நிலையத்துக்கு மின்சாரமும் ஆளும் வேண்டும், செலவைப் பங்கு போட வேண்டும். நதியைக் காக்கும் அந்தச் செலவு நியாயமானது, அதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. ஆனால் கடையில் ஷூவுக்கு விலைச்சீட்டு ஒட்டுபவர், தாம் ஆர்டர் தராத மாதத்துக்கும் இப்படி ஒரு செலவு இங்கே ஓடுகிறது என்பதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

இனி ஆர்டர் என்ற காகிதத்துக்கு வருவோம்.

வெளிநாட்டு நிறுவனம் ஒரு பருவத்துக்கான மாதிரிகளைத் தேர்ந்தெடுக்கிறது. ஆர்டர் வந்ததும் இங்குள்ள ஏற்றுமதியாளர் வங்கியில் பேக்கிங் கிரெடிட் என்ற முன்கடன் எடுத்துத் தோல் வாங்குகிறார். அந்தப் பருவத்துக்கென்று சொன்ன நிறத்தில் அது சாயம் ஏறுகிறது. ஷூவின் உள்ளே வாங்குபவரின் பெயர் அச்சாகிறது, பெட்டியிலும் அதே பெயர். இதற்குள் மூன்று நான்கு மாதங்கள் ஓடிவிடும். பணம் வருவதோ சரக்கு கப்பல் ஏறிய பிறகு, பல சமயம் அதற்கும் 60 அல்லது 90 நாள் கழித்து. நடுவில் ஆர்டர் ரத்து என்று ஒரு மின்னஞ்சல் வந்தால், தைத்து முடித்த ஷூவைச் சென்னைக் கடையில் விற்க முடியாது. அடுத்தவர் பெயர் அதில் இருக்கிறது. வெட்டிய தோலைத் திரும்ப ஒட்டவும் முடியாது. 2020 வசந்தத்தில் உலகெங்கும் ஆடை, காலணி ஏற்றுமதியாளர்களுக்கு வந்த மின்னஞ்சல்கள் மூன்று வகை: ரத்து, ஒத்திவைப்பு, தள்ளுபடி. மூன்றாவதுதான் சங்கடமானது. சரக்கு வேண்டும், விலை மட்டும் வேண்டாம்.

கடைகளே திவாலானால் நிலைமை இன்னும் மோசம். பிரிட்டனின் டெபன்ஹாம்ஸ் 2020 ஏப்ரலில் நிர்வாகிகளின் கைக்குப் போனது. அமெரிக்காவின் ஜே.சி. பென்னி மே 15-இல் திவால் மனு போட்டது. இப்படி ஒரு கடை சாயும்போது, அடமானம் வைத்துக் கடன் கொடுத்த வங்கிகள் வரிசையில் முன்னால் நிற்கும். சரக்குக் கொடுத்தவர் எந்தக் கண்டத்தில் இருந்தாலும் கடைசியில்தான் நிற்பார். ஏறத்தாழ 200 ஆண்டு பழைமையான கிளார்க்ஸ் நிறுவனமே அந்த வருட இறுதியில் ஹாங்காங் முதலீட்டாளர் ஒருவரின் 10 கோடி பவுண்டு முதலீட்டை நாட வேண்டியிருந்தது.

இந்தியாவின் தோல் பொருள் ஏற்றுமதி 2019–20-இல் 500 கோடி டாலரை ஒட்டி இருந்தது; மறு ஆண்டில் 370 கோடி டாலர் அளவுக்கு இறங்கியது. நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. 2022–23-இல் 500 கோடியைத் திரும்பத் தாண்டியது. மீட்சி என்று அறிக்கைகள் அதைக் குறித்தன. நடுவில் போன பணம் யாருடையது என்பதற்கு அந்த அறிக்கைகளில் பத்தி ஏதும் கிடையாது.

அதில் ஒரு பகுதி தொழிலாளர் கூலி. 2020 மார்ச் 29-இல் மத்திய உள்துறை, ஊரடங்குக் காலத்துக்குச் சம்பளம் பிடிக்கக்கூடாது என்று உத்தரவிட்டது. மே மாதம் நடுவிலேயே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஜூன் 12-இல் நீதிமன்றம், முதலாளிகள் மேல் கடும் நடவடிக்கை வேண்டாம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்றது. கம்பெனி பஸ்ஸுக்காக ஊர் முனையில் நிற்கும் பெண்ணும் கம்பெனி முதலாளியும் சமமாக உட்கார்ந்து பேசும் மேசை எங்கே இருக்கிறது என்பதை நீதிமன்றம் சொல்லவில்லை. முதலாளியையும் முழுக்கக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கும் மேலிருந்து பணம் வரவில்லை. பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய மூன்றாவது ஆள் லண்டனிலோ நியூயார்க்கிலோ இருந்தார். அவரை எந்த நீதிமன்றமும் கூப்பிடவில்லை.

ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு ஒரு வழி இருந்தது. வேலை இழந்தோருக்கான அடல் திட்டத்தில் சராசரிக் கூலியில் 25 விழுக்காடாக இருந்த உதவியை 50 விழுக்காடாக உயர்த்தி, 90 நாள் வரை தரலாம் என்றார்கள். இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும், சந்தா கட்டிய நாள் கணக்கு சரியாக இருக்க வேண்டும், வேலை போனதற்கு ஆதாரம் வேண்டும். பஸ்ஸில் போகும் தொழிலாளியில் ஒரு பகுதியாவது இதற்குள் வருவார். வீட்டில் தைப்பவர் வரவே மாட்டார்.

வீட்டில் தைப்பவர் என்று ஒரு பிரிவு இருப்பதே வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. மொக்காசின் வகை ஷூவின் மேல்பாகத்தில் தெரியும் தடித்த கைத்தையலை இயந்திரம் அப்படியே போட்டுவிட முடியாது. ஆம்பூரைச் சுற்றியுள்ள வீடுகளில் பெண்கள் அதைத் தைக்கிறார்கள். அப்பர் கட்டுகளை இடைத்தரகர் கொண்டுவந்து போடுவார், எடுத்துப் போவார், ஜோடிக்கு இவ்வளவு என்று கொடுப்பார். சிவிடெப் என்ற பெங்களூரு அமைப்பும் பிரிட்டன் அமைப்புகளும் 2016-இல் இவர்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டன. ஒரு ஜோடிக்கு அவர்களுக்குக் கிடைத்தது 10 பென்சுக்கும் குறைவு, அப்போதைய மதிப்பில் பத்து ரூபாய் தேறாது. இவர்களுக்கு நியமன உத்தரவு கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது. ஊரடங்கில் இவர்களை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. கட்டு வரவில்லை, அவ்வளவுதான். வங்கிக் கடனுக்குத் தவணைச் சலுகை அறிவித்தபோதும் குழுக்கடன் வட்டி வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

இதே நாட்களில் பங்களாதேஷில் என்ன நடந்தது என்று பார்ப்பது பயன்படும். அங்குள்ள ஆடை ஏற்றுமதியாளர் சங்கம் எந்த ஆலைக்கு எவ்வளவு ஆர்டர் ரத்தானது என்று கணக்கெடுத்தது. 1,100-க்கும் மேற்பட்ட ஆலைகள், 300 கோடி டாலருக்கு மேல் என்று வெளியில் சொன்னது. அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர் மார்க் ஆன்னர் மார்ச் மாதக் கடைசியிலேயே அதைப் பற்றி அறிக்கை எழுதினார். ‘பணத்தைக் கொடு’ என்ற பிரசாரம் சமூக ஊடகங்களில் கிளம்பியது. எச் அண்ட் எம், ஸாரா போன்ற பெயர்கள், தைத்து முடித்த சரக்குக்கும் தைத்துக்கொண்டிருந்த சரக்குக்கும் முழுப் பணம் தருவதாக அறிவித்தன. எல்லாரும் கொடுத்துவிடவில்லை. ஆனாலும் கணக்கு இருந்ததால் கேட்க முடிந்தது. நம் வட்டாரத்தில் ஏற்றுமதியாளர் தனக்கு வந்த மின்னஞ்சலைப் பக்கத்துக் கம்பெனிக்காரருக்குக்கூடக் காட்டத் தயங்குவார். வெளியில் தெரிந்தால் அடுத்த பருவ ஆர்டர் போய்விடும் என்ற பயம்.

அந்தப் பயத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் எவ்வளவு உண்டு என்பதை 2021 காட்டியது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் கடைகளைத் திறந்ததும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சரக்கு வேண்டியிருந்தது. அந்தக் கோடையில் வியட்நாம் ஹோ சி மின் நகர வட்டாரத்தில் தொற்று பரவி, பெரிய ஷூ ஆலைகள் வாரக்கணக்கில் மூடப்பட்டன. ‘கேள்வி கேட்டால் ஆர்டர் வியட்நாமுக்குப் போகும்’ என்ற மிரட்டல் கொஞ்ச காலத்துக்காவது செல்லாக் காசாக இருந்தது. பேரம் பேசியிருக்க வேண்டிய நேரம் அது. கன்டெய்னர் கிடைக்காத கவலையில் அது கடந்துபோனது.

கன்டெய்னர் கதையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 40 அடிக் கன்டெய்னரை உலகக் கடல்வழிகளில் அனுப்ப 2019-இல் சராசரியாக 1,400 டாலர் அளவில் ஆனது. 2021 செப்டம்பரில் அது 10,000 டாலரைத் தாண்டியது. அந்த மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே சிக்கிக் கிடந்ததும், சீனாவின் யான்டியன் துறைமுகம் தொற்றால் முடங்கியதும் தட்டுப்பாட்டைக் கூட்டின. ஷூ ஏற்றுமதி பெரும்பாலும் எஃப்.ஓ.பி. முறையில் நடப்பது, அதாவது கப்பல் கூலி வாங்குபவருடையது. அப்படியானால் ஆம்பூருக்கு என்ன நஷ்டம்? கப்பலில் ஏறினால்தான் சரக்கு வாங்கியவருடையதாகும், ஏறியதற்கான ரசீது வந்தால்தான் வங்கியில் பணம் கேட்க முடியும். கூலி குறையட்டும் என்று வாங்குபவர் ஒரு மாதம் காத்திருந்தால், கட்டி வைத்த பெட்டிகள் கம்பெனிக் கிடங்கில் கிடக்கும், பேக்கிங் கிரெடிட்டுக்கு வட்டி ஏறும். வெளியிலிருந்து வரவழைக்கும் ரசாயனத்துக்கும் சோலுக்கும் கூடுதல் கப்பல் கூலி நேரடியாகவே இவர் தலையில் விழும்.

சங்கிலியை ஒட்டிய பிறகும் ஒரு விஷயம் பழையபடி திரும்பவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்த்துப் பழகியவர்களுக்குப் பாலிஷ் போடும் தோல் ஷூ தேவைப்படவில்லை. துணியும் ரப்பரும் நுரையும் சேர்ந்த ஸ்னீக்கரில் உலகம் நடக்கத் தொடங்கியது. தொற்றுக்கு முன்பே கிளம்பிவிட்ட மாற்றம் அது. தொற்று அதை விரைவாக்கியது. தோலில்லாத காலணிக்கு ஆலை தேடி வந்த தைவான் நிறுவனங்களை ‘சீனாவுக்கு வெளியே இன்னொரு இடம்’ என்ற கணக்கோடு தமிழக அரசு வரவேற்றது. 2022-இல் காலணிக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. போ சென் உளுந்தூர்ப்பேட்டைக்கு வருகிறது, ஹாங் ஃபூ பனப்பாக்கத்துக்கு. செய்யாற்றில் ஏற்கெனவே ஃபெங் டே இருக்கிறது. பல்லாயிரம் வேலைகள், பெரும்பாலும் பெண்களுக்கு. மகிழ்ச்சிதான். ஆனால் பனப்பாக்கத்தைத் தவிர மற்றவை பாலாற்றுத் தோல் ஊர்களைத் தொடாமல் போகின்றன. கூடவே, அங்கும் வாங்குபவர் ஒருவர், தைப்பவர் பல்லாயிரம் என்ற அதே அமைப்புதான் எழுகிறது.

2023 நவம்பரில் செங்கடலில் ஹூதி தாக்குதல் தொடங்கியதும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின, ஐரோப்பியப் பயணம் இரண்டு வாரம் வரை நீண்டது. 2025 ஆகஸ்ட் 27-இல் இந்தியப் பொருள்கள் மேல் அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டபோது, அதில் ஒரு பங்கை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை ஏற்றுமதியாளர் மேசைக்கு வந்தது. கிருமி, ஏவுகணை, வரி என்று காரணம் மாறுகிறது. பில் வந்து சேரும் முகவரி மட்டும் மாறவில்லை.

சங்கிலியை வலுப்படுத்துவது பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். கொக்கியும் ஜிப்பும் சோலும் இங்கேயே செய்ய வேண்டும் என்பது அதில் ஒன்று, செய்யத்தான் வேண்டும். 1973-இல் பச்சைத் தோல் ஏற்றுமதியை மத்திய அரசு நிறுத்தி, அரைகுறையாகப் பதனிட்டதற்கும் வரம்பு கட்டியதால்தான் இந்த ஊர்கள் தோல் மூட்டையிலிருந்து ஷூவுக்கு மாறின. அரசு நினைத்தால் தொழிலின் வடிவம் மாறும் என்பதற்கு வாணியம்பாடி கண்முன் சாட்சி. ஆனால் கொக்கியை ராணிப்பேட்டையில் செய்தாலும், ஆர்டர் ரத்தானால் நஷ்டம் ராணிப்பேட்டைக்காரருக்கும் சேர்ந்து வருமே தவிர லண்டனுக்குப் போகாது.

ஆகவே பேச வேண்டியது ஒப்பந்தத்தைப் பற்றி. தோல் வெட்டிய பிறகு ரத்து செய்தால் இவ்வளவு, தைத்த பிறகு செய்தால் முழுத் தொகை, கப்பல் ஒத்திவைத்தால் வட்டி வாங்குபவருடையது என்ற அளவில் ஒரு மாதிரி ஒப்பந்தத்தைத் தோல் ஏற்றுமதிக் கவுன்சில் தயாரிக்கலாம். ஒருவர் தனியாகக் கேட்டால் ஆர்டர் போகும், எல்லோரும் ஒரே தாளை நீட்டினால் வாங்குபவர் யோசிப்பார். பிரிட்டனில் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் சரக்குத் தருபவர்களிடம் பின்தேதியிட்டு விதிகளை மாற்றக்கூடாது என்று பார்க்கவே ஒரு நடுவர் 2013 முதல் இருக்கிறார். அந்தக் காவல் தக்காளிக்கு உண்டு, ஷூவுக்கு இல்லை. ஆடைக்கும் காலணிக்கும் அப்படி ஒருவர் வேண்டும் என்று அந்நாட்டிலேயே குரல் எழுகிறது. பிரிட்டனோடு வர்த்தக உடன்பாடு கையெழுத்திட்ட இந்திய அரசு, வரிக் குறைப்போடு இதையும் பேச்சுக்குக் கொண்டுபோகலாம். ஜெர்மனியில் 2023-இல் அமலுக்கு வந்த சட்டம், பெரிய நிறுவனங்கள் தாம் சரக்கு வாங்கும் முறையையே சரிபார்க்க வேண்டும் என்கிறது. அங்கே அதை நீர்த்துப்போகச் செய்யும் முயற்சி நடக்கும்போது இங்கிருந்து எதிர்ப்பு கேட்க வேண்டும்.

வெளிநாட்டுச் சட்டத்துக்குக் காத்திருக்காமல் இங்கேயே செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ள நல வாரியங்களில், காலணி, தோல் பொருள் உற்பத்தி, தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கென்றே ஒன்று தமிழகத்தில் இயங்குகிறது. ஊரடங்கில் நல வாரியங்கள் வழியே அரசு கொடுத்த 1,000 ரூபாய் உதவி, அவற்றில் பெயர் பதிந்தவர்களுக்குத்தான் போனது. வீட்டில் அப்பர் தைக்கும் பெண்களை அந்த வாரியத்தில் சேர்க்க, ஆம்பூரிலும் பேர்ணாம்பட்டிலும் பள்ளிகொண்டாவிலும் முகாம் போட்டால் போதும். யார் தைக்கிறார்கள் என்று புதிதாகத் தேட வேண்டியதில்லை. எந்த வீட்டுக்கு எத்தனை ஜோடி போனது, எத்தனை திரும்பியது என்பதை இடைத்தரகர்கள் நோட்டுப் போட்டு எழுதித்தான் வைக்கிறார்கள். கட்டுகளை அனுப்பும் கம்பெனிகளிடமிருந்து அந்த நோட்டுகளின் நகலைத் தொழிலாளர் துறை கேட்டு வாங்கலாம்.